குழாயில் வெளுக்கும் வெள்ளிக் கூழ்மம் தாளில் ஏன் வெளுப்பதில்லை?

கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது: முதுகலை வேதியியல் புராஜெக்டுக்காக வெள்ளி நானோ துகள் நீரில் மிதக்கும் கூழ்மம் தயாரித்திருக்கிறீர்கள். 1 மி.லி. கூழ்மத்தில் 10 பிபிஎம் (லிட்டருக்கு 10 மி.கி.) பாதரசக் கரைசல் 1 மி.லி. விட்டால் மஞ்சள் நன்றாக வெளுக்கிறது. அதே கூழ்மத்தை வடிதாளில் ஐந்து முறை பூசிக் காயவைத்து, அதே கரைசலை ஒரு சொட்டு விட்டால் மாற்றமே தெரியவில்லை. தாளும் காய்ந்ததும் பழுப்பாகிவிடுகிறது. ஊர்க் கிணற்றுத் தண்ணீரைக் கூழ்மத்தில் ஊற்றினாலோ பாதரசம் சேர்க்காமலே நிறம் மாறுகிறது. குடிநீரில் பாதரசத்தைக் காட்டும் தாள் செய்ய முடியுமா, மொபைல் கேமராவில் அளவு சொல்ல முடியுமா என்று கேட்கிறீர்கள். பல கேள்விகள் போலத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான்: தாளில் பூசிய ஒரு பொட்டு வெள்ளியை வெளுக்க எத்தனை மோல் பாதரசம் வேண்டும்? இந்தக் கணக்கைப் போட்டுவிட்டால் மற்றவற்றுக்கு வழி தெரிந்துவிடும்.

முதலில் வேதியியல். இதில் அதிகம் சந்தேகமில்லை. வெள்ளித் துகளின் மஞ்சள், அதன் எலக்ட்ரான்கள் 400 நானோமீட்டர் அருகே ஒளியோடு ஒத்ததிர்வதால் வருவது. பாதரச அயனியின் நியம ஒடுக்க மின்னழுத்தம் (எலக்ட்ரானை வாங்கும் நாட்டத்தின் அளவு) 0.85 வோல்ட், வெள்ளி அயனியுடையது 0.80. இடைவெளி சிறியதுதான், ஆனாலும் போதும்: பாதரச அயனி வெள்ளியிடமிருந்து எலக்ட்ரானை வாங்கி உலோகப் பாதரசமாகித் துகளோடு ரசக்கலவையாகிறது, வெள்ளி அயனியாகிக் கரைந்து போகிறது. நிறம் வெளுக்கிறது, உச்சம் நீலப் பக்கம் நகர்கிறது. ஒரு பாதரச அயனி இரண்டு வெள்ளி அணுக்களைத் தின்னும். தங்கக் கூழ்மம் சிவப்பிலிருந்து நீலமாவது வேறு கதை. அங்கே துகள் கரைவதில்லை, ஒன்றோடொன்று ஒட்டிப் பால் திரிவதுபோல் திரிகிறது. உங்கள் சோதனையில் நீங்கள் காண வேண்டியது வெளுப்பு; திரிவு அல்ல. கிணற்றுத் தண்ணீரில் நீங்கள் கண்டது பெரும்பாலும் திரிவு. இந்த இரண்டையும் "நிறம் மாறியது" என்று ஒரே சொல்லில் குறிப்பேட்டில் எழுதினால் பிறகு பிரிக்கவே முடியாது. "வெளுத்தது", "பழுப்பானது", "சாம்பலானது" என்று தனித்தனியாக எழுதுங்கள்.

இப்போது கணக்கு. போரோஹைட்ரைடு முறையில் (வெள்ளி உப்பைச் சோடியம் போரோஹைட்ரைடால் ஒடுக்கி) செய்த கூழ்மத்தில் வெள்ளி 0.25 மில்லிமோலார் என்று வைத்துக்கொள்கிறேன். குழாயில் 1 மி.லி. என்றால் 250 நானோமோல் வெள்ளி. 10 பிபிஎம் பாதரசம் ஏறத்தாழ 50 மைக்ரோமோலார், 1 மி.லி.யில் 50 நானோமோல். அது 100 நானோமோல் வெள்ளியைக் கரைக்கும், அதாவது 40 சதவீதம். போதாததற்கு, சம அளவு நீர்மம் சேர்த்ததாலேயே நிறம் பாதியாகிவிட்டது. ஆக நீங்கள் பார்த்த வெளுப்பில் பெரிய பங்கு வெறும் நீர்ப்பு. இன்னொரு குழாயில் 1 மி.லி. காய்ச்சி வடித்த நீரைச் சேர்த்துப் பக்கத்தில் வைத்திருந்தால் இது உடனே தெரிந்திருக்கும். அந்த ஒப்பீட்டுக் குழாய் இல்லாமல் ஒரு முறைகூடச் செய்யாதீர்கள்.

தாளுக்கு வருவோம். ஆய்வக வடிதாளான வாட்மன் 1இன் தடிமன் 180 மைக்ரோமீட்டர். 6 மி.மீ. வட்டத்தின் நார்களுக்கு இடையே ஏறக்குறைய 4 மைக்ரோலிட்டர்தான் பிடிக்கும். ஒரு பூச்சுக்கு 4 மைக்ரோலிட்டர் என்றால் 1 நானோமோல் வெள்ளி. ஐந்து பூச்சுக்கு 5 நானோமோல். அதன்மேல் 10 பிபிஎம் கரைசல் 4 மைக்ரோலிட்டர் விட்டால் வருவது 0.2 நானோமோல் பாதரசம், கரைவது 0.4 நானோமோல் வெள்ளி. 5இல் 0.4 என்பது 8 சதவீதம். குழாயில் 40, தாளில் 8. கண்ணுக்குத் தெரியாததில் வியப்பில்லை. நிறம் அழுத்தமாக வரட்டும் என்று ஐந்து முறை பூசினீர்களே, அந்தப் பூச்சுதான் தாளை மந்தமாக்கியது. ஒரே பூச்சோடு நிறுத்தினால் விகிதம் குழாயில் இருந்த அதே 40க்கு வந்துவிடும். வெளிர் மஞ்சளாகத்தான் இருக்கும், கண்ணுக்குச் சற்று சிரமம். ஆனால் ஸ்கேனருக்குத் தாராளம். கண்ணால் பார்த்துச் சொல்லும் தாள்தான் வேண்டுமென்றால் இரண்டு பூச்சு நல்ல சமரசம்.

இதே கணக்கை எதிர்த் திசையில் ஓட்டிப் பாருங்கள். ஒரு பூச்சில் 10 சதவீத வெளுப்பை நம்பகமாக அளக்கலாம் என்று கொண்டால் 0.05 நானோமோல் பாதரசம் தேவை. அது 4 மைக்ரோலிட்டர் சொட்டில் வர வேண்டுமென்றால் கரைசல் 2.5 பிபிஎம் இருக்க வேண்டும். இந்தியக் குடிநீர்த் தரம் ஐஎஸ் 10500 பாதரசத்துக்கு அனுமதிக்கும் அளவு லிட்டருக்கு 0.001 மி.கி., அதாவது 1 பிபிபி. கனிமப் பாதரசத்துக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி அளவு 6 பிபிபி. இந்தியத் தரத்தோடு ஒப்பிட்டால் இடைவெளி 2,500 மடங்கு. துகளை இன்னும் நன்றாகச் செய்வதால் மட்டும் இந்த இடைவெளி மூடாது. ஒரு சொட்டுக்குள் இருக்கும் பாதரச அணுக்களின் எண்ணிக்கையே போதவில்லை. "ஒரு சொட்டு வெளுப்பில் பிபிபி அளவு காட்டும் வெள்ளித் தாள்" என்று எங்காவது படித்தால், உடனே இந்தப் பெருக்கலைச் செய்து பாருங்கள். மாதிரியை எங்கே செறிவாக்கினார்கள், அல்லது எந்த ஸ்பெக்ட்ரோமீட்டரில் அளந்தார்கள் என்று தேடுங்கள்.

வழி இல்லாமல் இல்லை. சொட்டு விடுவதை விட்டுவிட்டுத் தண்ணீரைத் தாளின் ஊடாகச் செலுத்த வேண்டும். 1 பிபிபி தண்ணீர் 50 மி.லி.யில் 0.25 நானோமோல் பாதரசம் இருக்கிறது. அது முழுவதும் பிடிபட்டால் ஒரு பூச்சு வெள்ளியில் பாதி போய்விடும். ஐந்தில் ஒரு பங்கு பிடிபட்டாலும் 10 சதவீதம். சிரிஞ்சில் மாட்டும் வடிகட்டிப் பிடிப்பானுக்குள் தாளை வைத்து, நடுவில் 6 மி.மீ. வட்டம் தவிர மற்ற இடத்தை மெழுகால் அடைத்துவிடுங்கள், தண்ணீர் பொட்டின் வழியாக மட்டுமே போகும். வேகம் நிமிடத்துக்கு 1 மி.லி.யைத் தாண்டாமல் இருக்கட்டும். வேகமாகத் தள்ளினால் பாதரசம் துகளைத் தொடாமலே போய்விடும். முதலில் வெறும் காய்ச்சி வடித்த நீரை 50 மி.லி. செலுத்தி, வெளியே வரும் நீரில் மஞ்சள் இல்லை, பொட்டும் மங்கவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். நன்றாகக் காய்ந்த துகள் செல்லுலோஸை இறுகப் பற்றிக்கொள்ளும்; அரைகுறையாகக் காய்ந்தது கழுவிக்கொண்டு போகும்.

இனி தயாரிப்பு. 2 மில்லிமோலார் சோடியம் போரோஹைட்ரைடு 30 மி.லி.யைப் பனிக்கட்டித் தொட்டியில் வைத்துக் கலக்கிக்கொண்டே, 1 மில்லிமோலார் வெள்ளி நைட்ரேட் 10 மி.லி.யை நொடிக்கு ஒரு சொட்டாக விடுவது வழக்கமான முறை. மூன்று நிமிடத்தில் முடியும். முடிந்ததும் கலக்குவதை உடனே நிறுத்திக் கலக்கிக் காந்தத்தை வெளியே எடுத்துவிட வேண்டும். தொடர்ந்து கலக்கினால் மஞ்சள் அடர்ந்து, ஊதாவாகி, சாம்பலாகிப் படிந்துவிடும். போரோஹைட்ரைடை அன்றன்று எடை போடுங்கள், நேற்றைய கரைசலில் பாதி ஹைட்ரஜனாகப் போயிருக்கும். 100 மி.லி.க்கு 7.6 மி.கி. போதும், தராசு அவ்வளவு நுண்மையில்லை என்றால் பத்து மடங்கு செறிவில், பனிக்கட்டி நீரில் செய்து அப்போதே நீர்த்துக்கொள்ளலாம். கண்ணாடிப் பாத்திரத்தில் குளோரைடு எச்சம் இருந்தால் தொடக்கத்திலேயே கலங்கும். குழாய்த் தண்ணீரில் கழுவினால் கடைசியாக மூன்று முறை காய்ச்சி வடித்த நீரில் அலசுங்கள். பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரை நம்ப வேண்டாம்.

கூழ்மம் தயாரானதும் அதில் மிச்ச போரோஹைட்ரைடு இருக்கும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அது உங்கள் பாதரச அயனியைத் தானே ஒடுக்கிவிடும். வெள்ளிக்கு வேலையே இருக்காது. ஆகவே இறுக மூடாமல் இருட்டில் ஓர் இரவு வைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள். ஆனால் துகள்களை ஒன்றையொன்று நெருங்காமல் வைத்திருப்பதும் அந்தப் போரோஹைட்ரைடுதான், அது போனால் திரியும். அதற்காகவே பாலிவினைல் பைரோலிடோன் 0.3 சதவீதக் கரைசலில் சில சொட்டுகள் சேர்ப்பது. எவ்வளவு போதும் என்பதற்கு எளிய சோதனை உண்டு: கூழ்மத்தில் சிறிது எடுத்து, சோடியம் குளோரைடு 10 மில்லிமோலார் ஆகும்படி சேர்த்துப் பத்து நிமிடம் பாருங்கள். மஞ்சளாகவே நின்றால் போதும், அதற்கு மேல் ஒரு சொட்டும் வேண்டாம். பாலிமர் அதிகமானால் காய்ந்தபின் துகளைச் சுற்றிப் படலம் கட்டும், பாதரசம் உள்ளே போக நேரமெடுக்கும். உங்கள் தாள் மந்தமாக இருந்ததற்கு இதுவும் துணைக் காரணமாக இருக்கலாம். மோல் கணக்கைப் போல இதை உறுதியாகச் சொல்ல மாட்டேன். பாதி பாலிமரில் ஒரு தொகுதி செய்து ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

தாள் பழுப்பானதற்குக் காரணம் காய்தல். நீர் வற்ற வற்ற உப்பு செறிவாகிறது, துகள்கள் நெருங்குகின்றன; குழாயில் நாள்கணக்கில் நின்ற கூழ்மம் தாளில் இருபது நிமிடத்தில் திரிகிறது. கண்ணாடித் தகட்டின் மேல் வைத்துக் காயவைத்தால் அடியில் தேங்கி ஓரத்தில் வளையம் கட்டும். தாளைக் கிளிப்பில் தொங்கவிடுங்கள் அல்லது நைலான் வலைமேல் வையுங்கள். ஹேர் டிரையர் வேண்டாம். அறை வெப்பத்தில் இருட்டில் அரைமணி நேரம் விட்டு, முழுக்கக் காய்ந்ததும் காய்ச்சி வடித்த நீரில் ஒரு நிமிடம் முக்கி எடுத்து மறுபடி காயவைத்தால் போரேட்டும் உப்பும் போய்விடும். இந்த அலசலை விட்டுவிட்டால் ஒரு தொகுதித் தாளுக்கும் அடுத்த தொகுதிக்கும் ஒப்புமையே இருக்காது. வட்டத்துக்கு மெழுகு அச்சியந்திரம் தேவையில்லை. அலுவலகப் பஞ்சிங் மெஷினில் வெட்டினாலே 6 மி.மீ. அளவில் வட்டம் கிடைக்கும், அதை ஓஎச்பி தாளில் ஒட்டிக்கொள்ளலாம். வேலி வேண்டுமென்றால் மெழுகு கிரேயானால் இருபுறமும் வட்டம் வரைந்து, இரண்டு தாள்களுக்கு நடுவில் வைத்து இஸ்திரிப் பெட்டியால் சூடு காட்டினால் மெழுகு ஊடுருவிவிடும். இதைச் செய்துவிட்டுத்தான் வெள்ளி பூச வேண்டும்.

சேமிப்பில் ஒரு எச்சரிக்கை. நம் கல்லூரிகளில் உப்புப் பகுப்பாய்வு நடக்கிற ஆய்வகத்திலேயே இதையும் வைப்பார்கள். கிப் உபகரணத்திலிருந்து கசியும் ஹைட்ரஜன் சல்ஃபைடு ஒரே மதியத்தில் எல்லாத் தாள்களையும் கருக்கிவிடும். ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினால் ரப்பரிலுள்ள கந்தகம்கூட மெதுவாக அதையே செய்யும். விரலால் தொட்டால் வியர்வைக் குளோரைடு. இடுக்கியால் எடுத்து, சிலிக்கா ஜெல்லோடு ஜிப் பையில் போட்டு, பழுப்புப் புட்டிக்குள் வைத்து வேறு அறையில் பூட்டிவையுங்கள்.

கிணற்றுத் தண்ணீர். கடினத்தன்மை லிட்டருக்கு 200 மி.கி. என்றாலே கால்சியம் சுமார் 2 மில்லிமோலார். நம் ஊர்களில் அதைவிடக் கடினமான நீர் சாதாரணம். இரட்டை மின்னேற்றமுள்ள அயனி, மின்னேற்றத்தால் மட்டும் நிற்கும் கூழ்மத்தை மிகக் குறைந்த அளவிலேயே திரிக்கும். பாலிமர் பூசிய துகள் இதைத் தாங்கும். தாளில் ஒட்டிக் காய்ந்த துகள் நகரவே முடியாது என்பதால் இன்னும் நன்றாகத் தாங்கும். தாளின் உண்மையான பலம் இதுதான். ஆனால் குளோரைடு வேறு விதத்தில் தொல்லை தரும்: வெளிவரும் வெள்ளி அயனியை வெள்ளிக் குளோரைடாகப் படிய வைக்கும், பாதரசத்தைத் தன்னோடு பிணைத்து அதன் வேகத்தைக் குறைக்கும். ஆகவே காய்ச்சி வடித்த நீரில் வரைந்த அளவுக்கோட்டை (வெளுப்பைச் செறிவாக மாற்றும் கோட்டை) கிணற்று நீருக்குப் பயன்படுத்தக் கூடாது. அதே கிணற்று நீரில் 2, 5, 10, 20 பிபிஎம் பாதரசம் சேர்த்துக் கோடு வரையுங்கள். சொட்டுச் சோதனையில் 10 பிபிஎம் சேர்த்து 6 பிபிஎம் காட்டினால் அது ஒரு முடிவு. அதை மறைக்காமல் எழுதினால் ஆய்வேட்டின் மதிப்பு கூடும்.

குடிநீர்க் குழாயில் வருவது குளோரின். விதிப்படி எஞ்ச வேண்டிய குறைந்தபட்ச அளவான லிட்டருக்கு 0.2 மி.கி. என்பது 2.8 மைக்ரோமோலார். ஒரு சொட்டில் இது ஒன்றுமில்லை, 11 பிக்கோமோல்தான். ஆனால் 50 மி.லி. செலுத்தும் முறையில் 140 நானோமோல்! பொட்டில் இருப்பதோ 1 நானோமோல் வெள்ளி. பாதரசம் துளியும் இல்லாத தண்ணீர் தாளை முழுக்க வெளுத்துவிடும். தயோசல்ஃபேட் சேர்த்துக் குளோரினைப் போக்கலாமே என்று தோன்றும், கூடாது. தயோசல்ஃபேட் வெள்ளியையும் பிணைக்கும், பாதரசத்தையும் பிணைக்கும். கண்ணாடிப் பாத்திரத்தில் திறந்து சில மணி நேரம் வெயிலில் வைத்து, சிறு பகுதியை எடுத்துக் குளோரின் கிட்டால் பார்த்து, போனபின் அன்றே செலுத்துங்கள். நாள் கடத்தினால் அமிலம் சேர்க்காத நீரிலுள்ள பாதரசம் பாத்திரச் சுவரில் ஒட்டிக்கொள்ளும், பிளாஸ்டிக்கில் இன்னும் மோசம். வழக்கம்போல் நைட்ரிக் அமிலம் சேர்த்துப் பாதுகாத்தால் செலுத்தும் முன் நடுநிலையாக்க வேண்டும், இல்லையென்றால் அமிலமே வெள்ளியைக் கரைக்கும்.

குளோரின், கரைந்த ஆக்சிஜன், குளோரைடு ஆகியவற்றால் வரும் போலி வெளுப்பைப் பிரிக்க, ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு தாள்களை அடுக்கிச் செலுத்திப் பாருங்கள் என்பது என் யோசனை. பாதரசம் பெரும்பாலும் முதல் தாளிலேயே பிடிபட வேண்டும். தண்ணீர் முழுக்க நிறைந்திருக்கும் மற்றவை இரண்டையும் ஏறத்தாழ ஒரே அளவு வெளுக்கும். வித்தியாசம்தான் பாதரசம். கோட்பாட்டளவில் இது சரி. உங்கள் வேகத்தில், உங்கள் தாளில் முதல் அடுக்கு எவ்வளவு பிடிக்கிறது என்பதைப் பாதரசம் சேர்த்த நீரில் அளந்த பிறகே நம்ப வேண்டும். புராஜெக்டுக்கு இது ஒன்றே போதுமான வேலை.

கேமரா பற்றி. முடியும், ஆனால் மொபைலைவிடப் பழைய தட்டை ஸ்கேனர் எவ்வளவோ மேல்: ஒளி மாறாது, தூரம் மாறாது. 300 டிபிஐ, தானியங்கித் திருத்தங்கள் அனைத்தையும் அணைத்து, ஒவ்வொரு ஸ்கேனிலும் பூசாத தாள் துண்டு ஒன்றையும் வெளுக்காத பொட்டு ஒன்றையும் சேர்த்து வையுங்கள். மஞ்சள் நீல ஒளியை உறிஞ்சுவதால் நீலச் சேனலை மட்டும் எடுங்கள். சிவப்பும் பச்சையும் இரைச்சலைத்தான் கூட்டும். இமேஜ்-ஜே மென்பொருளில் பொட்டின் நடுப்பகுதியின் சராசரியை எடுத்து, வெற்றுத் தாளின் மதிப்பை அதனால் வகுத்து மடக்கை காணுங்கள். மொபைல்தான் என்றால் அட்டைப் பெட்டிக்குள் எல்இடி விளக்கு வைத்து, எக்ஸ்போஷரையும் ஒயிட் பேலன்ஸையும் பூட்டிக்கொள்ளுங்கள். ஈரத் தாள் ஒளி ஊடுருவும், காய்ந்தது சிதறடிக்கும். இரண்டின் எண்களும் வேறு. எல்லாவற்றையும் காய்ந்தபின், ஒரே நேர இடைவெளியில் அளவிடுங்கள். ஒவ்வொரு செறிவுக்கும் ஐந்து பொட்டு.

கருத்தரிப்புச் சோதனைப் பட்டையைக் காட்டி, அதில் தங்கத் துகள் எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது, இதில் ஏன் முடியவில்லை என்று வழிகாட்டியோ தேர்வாளரோ கேட்கலாம். அங்கே நிறம் மாறுவதே இல்லை. எங்கும் பரவியிருந்த சிவப்புத் துகள்கள் ஓடிவந்து ஒரு கோட்டில் குவிகின்றன, வெறும் வெள்ளையில் சிவப்பு தோன்றுகிறது. இருக்கிற மஞ்சளில் கொஞ்சம் குறைவதைக் கண்டுபிடிப்பது அதைவிட எப்போதும் கடினம்.

இந்தத் தாள் எதைச் சொல்லாது என்பதையும் ஆய்வேட்டில் எழுதுங்கள். கரைந்த கனிமப் பாதரச அயனியை மட்டுமே அது பார்க்கிறது. மீனில் சேரும் மெத்தில் பாதரசத்தையோ, வண்டலில் ஒட்டியிருப்பதையோ, கந்தகத்தோடு பிணைந்ததையோ காட்டாது. கொடைக்கானலில் 2001இல் மூடப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலை விட்டுச்சென்ற பாதரசம் மண்ணிலும் வண்டலிலும் இருக்கிறது. அந்த மலையின் ஓடைத் தண்ணீரில் தாள் வெளுக்கவில்லை என்பதால் அங்கே பாதரசமே இல்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. யாருடைய குடிநீரைப் பற்றியும் முடிவு சொல்வதற்கு முன் பிபிபி அளவையும் அளக்கும் ஆய்வக முறைகளான குளிராவி அணு உறிஞ்சலிலோ ஐசிபி-எம்எஸ்ஸிலோ அதே மாதிரியை அளந்திருக்க வேண்டும்.

கடைசியாகக் கழிவு. பாதரசக் கரைசல், வெளுத்த தாள், அலசிய நீர் எல்லாவற்றையும் பெயர் எழுதிய தனிப் புட்டியில் சேர்த்து, அபாயக் கழிவாக ஒப்படையுங்கள். சிங்க்கில் ஒரு சொட்டும் போகக் கூடாது. மிச்ச போரோஹைட்ரைடை அந்தப் புட்டியில் ஊற்றாதீர்கள்: அயனியாக இருந்த பாதரசம் உலோகமாக ஒடுங்கி ஆவியாகத் தொடங்கும், புட்டியில் அமிலம் இருந்தால் ஹைட்ரஜனும் கிளம்பும். முறையைக் கை பழகும்வரை பாதரசத்தைத் தொடாமலே, நீர்த்த ஹைட்ரஜன் பெராக்சைடை வைத்துப் பழகலாம். அதுவும் வெள்ளியை ஆக்சிஜனேற்றி மஞ்சளை வெளுக்கும், பூச்சு, அலசல், ஸ்கேன் மூன்றையும் அதிலேயே சரிசெய்துகொள்ளலாம்.